திறப்பும் போலிப் பூட்டும்

நோயொன்றிற் பட்டு மீண்டவரை அந்நோய் மறுமுறை எளிதில் அணுகுவதில்லை என்பது மிகப் பழைய அறிவு. கி.மு. 430 ஆம் ஆண்டளவில் ஏதென்சு நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, அந்நோயிலிருந்து தப்பியவர்களே நோயாளரை அச்சமின்றிப் பராமரித்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீசு எழுதிவைத்தார். கண்டவர் பலர்; காரணம் அறிந்தவர் எவருமிலர். அக்காப்பு உடலின் எப்பகுதியில் உறைகின்றது, எவ்வடிவில் உறைகின்றது என்னும் வினாவுக்கு முதல் விடை கிடைக்க ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் கழிந்தன.

1890 ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த எமில் பேரிங் என்னும் செருமானியரும், சிபசபுரோ கிதசாதோ என்னும் யப்பானியரும் அவ்விடையைக் கண்டனர். ஏற்புவலி நஞ்சைத் தாங்கப் பழக்கப்பட்ட முயலொன்றின் குருதியை எடுத்துச் சுண்டெலிகளுக்கு ஏற்றியபோது, அச்சுண்டெலிகளும் நஞ்சைத் தாங்கின. குருதிக் கலங்களை நீக்கி, எஞ்சிய தெளிந்த நீர்ப்பாயத்தை மட்டும் ஏற்றினாலும் அதே பயன் விளைந்தது. காப்பு என்பது நீர்ப்பாயத்திற் கரைந்திருக்கும் ஒரு பொருள் என்பது இதனாற் புலனாயிற்று. அப்பொருளே பிறபொருளெதிரி எனப்படுவது. அதனை ஆக்குமாறு உடலைத் தூண்டும் அயற்பொருள் பிறபொருளெதிரியாக்கி. ஏற்புவலிக்கான நீர்ப்பாயம் தொண்டைக்கரப்பானைத் தடுப்பதில்லை. தொண்டைக்கரப்பானுக்கான நீர்ப்பாயம் ஏற்புவலியைத் தடுப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய எதிரியை மட்டுமே அறிகின்றது. இந்தத் தற்சிறப்பியல்பு எங்கிருந்து வருகின்றது? அதனிலும் முக்கியமாக, அது உண்மையிலேயே அத்துணைத் தூயதா என்பதை எவ்வாறு சோதித்தறிவது? இரண்டாவது வினா 130 ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளரைத் துரத்திவந்துள்ளது.

நொதியங்கள் தமக்குரிய பொருளை மட்டும் பற்றுவதைப் பூட்டும் திறப்பும் என்ற உவமையால் விளக்கியவர் எமில் பிசர் என்னும் இரசாயன அறிஞர்; ஆண்டு 1894. அவ்வுவமையைப் பிறபொருளெதிரிகளுக்கு எடுத்தாண்டவர் போல் ஏர்லிக். நல்ல உவமை நாடு கடந்து செல்வதுபோலத் துறை கடந்தும் செல்லும். எனினும் உவமை சோதனையாகாது. சோதனையை வகுத்தவர் வியன்னா நகர மருத்துவர் காள் லாண்ட்ஸ்ரைனர்.

லாண்ட்ஸ்ரைனரின் பெயரை உலகம் குருதி வகைகளோடு சேர்த்தே நினைவுகூர்கின்றது. 1901 இல் மனிதக் குருதியின் வகைகளை வெளியிட்டதற்காக 1930 இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் அவருடைய அறிவுழைப்பின் பெரும்பகுதி வேறொரு பணியிற் சென்றது. இளமையில் மேற்குறித்த பிசரிடமே இரசாயனம் பயின்ற அவர், முதலாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில், உணவும் எரிபொருளும் அருகிப்போன வியன்னாவில் இருந்துகொண்டு ஓர் எளிய தந்திரத்தைக் கையாண்டார். 1917 ஆம் ஆண்டளவில் ஹான்ஸ் லம்பில் என்பவருடன் சேர்ந்து, சாயத் தொழிலிற் பயன்படும் சிறிய சேதனச் சேர்வைகளைப் புரதங்களுடன் இரசாயன முறையிற் பிணைத்தார். அத்தகைய புரதத்தை முயலுக்கு ஏற்றினால் முயல் பிறபொருளெதிரியை ஆக்கிற்று. அப்பிறபொருளெதிரி எதனை அறிகின்றது என்பதே வினா. அதே சிறு சேர்வையை முற்றிலும் வேறான ஒரு விலங்கின் புரதத்திற் பிணைத்துச் சோதனைக் குழாயில் இட்டபோதும் வீழ்படிவு உண்டாயிற்று. ஆகவே முயலின் பிறபொருளெதிரி, புரதத்தை மட்டுமன்றி, அதன்மேல் ஒட்டவைத்த சிறு சேர்வையையும் தனித்தறிந்தது என்பது தெளிவாயிற்று.

அச்சிறு சேர்வையைத் தனியே ஏற்றினால் விலங்கு பிறபொருளெதிரியை ஆக்குவதில்லை. புரதமென்னும் தோணியில் ஏறினாலன்றி அது கரை சேர்வதில்லை. இத்தகைய பொருள்களுக்கு லாண்ட்ஸ்ரைனர் 1921 இல் ஹப்டென் என்று பெயரிட்டார். பற்றுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது.

இவ்விடத்திலேதான் வரலாற்றின் திருப்பம் நிகழ்கின்றது. சிறு சேர்வையைத் தனியே பிறபொருளெதிரியுடன் கலந்தால் வீழ்படிவு உண்டாவதில்லை. ஆகவே அது ஒன்றும் செய்யவில்லை என்று ஒருவர் எண்ணிவிடக்கூடும். ஆனால் அக்கலவைக்குள், சேர்வை பிணைந்த புரதத்தைப் பின்னர் சேர்த்தபோது, வழக்கமாக உண்டாகவேண்டிய வீழ்படிவும் உண்டாகவில்லை. பிறபொருளெதிரியின் பற்றுமிடங்களைச் சிறு சேர்வை முன்னரே நிரப்பிவிட்டது. பின்வந்த புரதத்துக்கு இடமில்லாது போயிற்று. பூட்டுத் திறப்பு உவமையிற் கூறினால், திறப்பின் பல்லில் மெழுகாலான போலிப் பூட்டொன்று மாட்டப்பட்டுவிட்டது. அத்திறப்பு இனி மெய்ப் பூட்டினுள் நுழையாது. கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒன்று மறைவதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பிணைப்பொன்றை அறிந்துகொள்ளும் இச்சோதனையை லாண்ட்ஸ்ரைனர் 1920 இல் வெளியிட்டார். இன்று தடுக்கும் பெப்தைட்டு என்று குப்பியில் அடைத்து விற்கப்படும் பொருளின் முன்னோர் இச்சோதனைக் குழாயிலேயே பிறந்தனர்.

போருக்குப் பின் வியன்னாவில் ஆராய்ச்சி நடத்துவது இயலாததாயிற்று. லாண்ட்ஸ்ரைனர் 1919 இல் ஒல்லாந்தின் ஹேக் நகரில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். பின்னர் அழைப்பின்பேரில் நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் நிறுவகத்தை அடைந்தார். அங்கே வான் டெர் ஸ்கீர் என்பவருடன் சேர்ந்து அவர் செய்த சோதனைகள் நுட்பத்திற் சிறந்தவை. ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஆயினும் வலக்கையும் இடக்கையும் போல வடிவில் மாறுபட்ட தாத்தாரிக்கமிலச் சமபகுதியங்களைப் பிறபொருளெதிரிகள் வேறுபடுத்தி அறிந்தன. பென்சீன் வளையத்தில் ஒரு கூட்டம் அடுத்த இடத்தில் இருக்கின்றதா, எதிரிடத்தில் இருக்கின்றதா என்பதையும் அவை அறிந்தன. ஆனால் முற்றாக அல்ல. நெருங்கிய உறவுடைய சேர்வைகளைப் பிறபொருளெதிரிகள் ஓரளவுக்குச் சேர்த்தே பற்றின. தற்சிறப்பியல்பு என்பது உண்டு அல்லது இல்லை என்னும் இருநிலையன்று, படிப்படியாகத் தேய்ந்து செல்வது என்பதை அவர் எழுதிய பெருநூல் வற்புறுத்திற்று. செருமன் மொழியில் 1933 இலும், ஆங்கிலத்தில் 1936 இலும் வெளிவந்த அந்நூலைப் பிற்காலத்தவர் போற்றினர். அதிலுள்ள இவ்வெச்சரிக்கையைத்தான் பலர் மறந்தனர்.

1930 களில் அவர் சிறு பெப்தைட்டுகளையும் ஹப்டென்களாகப் பயன்படுத்தினார். பெப்தைட்டு என்பது அமினோ அமிலங்கள் சில சங்கிலிபோற் கோக்கப்பட்டது. அச்சங்கிலி மிக நீண்டு மடிந்தால் அதுவே புரதம். கிளைசீனும் லியூசீனும் இடம் மாறிக் கோக்கப்பட்ட இரட்டைகளைக்கூட முயலின் நீர்ப்பாயம் பிரித்தறிந்தது. 1942 இல் அவர் பட்டு நூலை எடுத்துக்கொண்டார். பட்டின் புரதத்துக்கு எதிரான நீர்ப்பாயம் பட்டுக் கரைசலுடன் வீழ்படிவைத் தரும். பட்டுப் புரதத்தை அமிலத்தால் ஓரளவு சிதைத்துப் பெற்ற பெப்தைட்டுத் துண்டுகளை முதலிற் சேர்த்தால் அவ்வீழ்படிவு தடைப்பட்டது. செயற்கையாக ஒட்டவைத்த சாயத்தையன்றி, இயற்கைப் புரதமொன்றின் துணுக்கையே கொண்டு பிறபொருளெதிரியைத் தடுத்துக் காட்டிய சோதனை இது. அடுத்த ஆண்டு, 1943 ஜூன் மாதத்தில், ஆய்வுகூட மேசையருகே கையிற் குழாயியுடன் நின்றவேளையில் அவரை இருதயநோய் தாக்கியது; இரண்டு நாட்களில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

லாண்ட்ஸ்ரைனரின் சோதனைக் குழாயில் இருந்தவை யாவும் அவர் அறிந்து இட்ட பொருள்கள் என்பதை இங்கே நினைவிற்கொள்வது நன்று. அவருக்குப் பின் வந்தோர் பிறபொருளெதிரியை அறியாத காட்டுக்குள் அனுப்பினர்.

ஹாவட் பல்கலைக்கழகத்தில் அல்பேட் கூன்ஸ் என்பவரும் அவர்தம் துணைவரும் 1941 இலும் 1942 இலும் பிறபொருளெதிரியோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தனர். அதனை மெல்லிய இழையத் துண்டின்மேல் ஊற்றிக் கழுவி, நுணுக்குக்காட்டியினூடாக நோக்கினால், தேடும் பொருள் இருந்த இடம் ஒளிர்ந்தது. எட்டிப் பிடிக்க இயலாத மூலக்கூறுகளின் உறைவிடத்தைக் கண்ணாற் காணும் வழி பிறந்தது. 1959 இல் றொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் கதிரியக்கம் கலந்த இன்சுலினும் சாதாரண இன்சுலினும் ஒரே பிறபொருளெதிரிக்காகப் போட்டியிடுமாறு செய்து, குருதியிலுள்ள இன்சுலினை அளந்தனர். இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அதே தத்துவம் இங்கு அளவுகோலாயிற்று. 1979 இல் புரதங்களைப் பருமன்வாரியாகப் பிரித்துத் தாளொன்றிற் பதித்து, பிறபொருளெதிரியாற் கோடுகளாகக் காட்டும் முறையும் வந்தது. ஒளிரும் இடம், தாளில் ஒரு கோடு, இவையே உயிரியல் ஆய்வாளரின் சாட்சிகளாயின. சாட்சி பொய் சொல்வதில்லை என்பதற்கு உறுதி யாது?

அவ்வுறுதிக்கான கருவியை ஆக்கித்தந்தவர் றொபேட் புரூசு மெரிபீல்ட். லாண்ட்ஸ்ரைனர் பணிபுரிந்த அதே றொக்பெல்லர் நிறுவகத்தில் 1949 முதல் இருந்த இவர், ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்தைட்டொன்றை ஆக்குவதற்கும் மாதக்கணக்கில் உழைக்கவேண்டியிருந்ததைக் கண்டு சலித்தவர். ஒவ்வொரு அமினோ அமிலத்தைச் சேர்த்தபின்பும் விளைபொருளைப் பிரித்துத் தூய்மையாக்க வேண்டியிருந்ததே தொல்லைக்குக் காரணம். சங்கிலியின் முதற்கண்ணியைச் சிறு பிசின் மணியொன்றில் ஒட்டிவிட்டால் என்ன? ஒவ்வொரு முறையும் வேண்டாத பொருளைக் கழுவி ஊற்றிவிடலாம். மணியில் ஒட்டியது எஞ்சி நிற்கும். கடைசியில் மணியினின்று அறுத்தெடுக்கலாம். 1959 இல் உதித்த இவ்வெண்ணத்தை அவர் 1963 இல் நான்கு கண்ணிகள் கொண்ட பெப்தைட்டொன்றால் மெய்ப்பித்துத் தனி ஒருவராகவே கட்டுரை வெளியிட்டார். 1965 இல் தம் வீட்டின் நிலக்கீழ் அறையில், ஜோன் ஸ்ருவாட் என்பவரின் துணையுடன், இவ்வேலையைத் தானே செய்யும் பொறியொன்றையும் அமைத்தார். 1984 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அவரை அடைந்தது. அதே ஆண்டில் மருத்துவத்துக்கான பரிசைப் பெற்ற மூவருள் இருவர், ஒரே வகைப் பிறபொருளெதிரியை வற்றாது சுரக்கும் கலங்களை 1975 இல் கேம்பிறிட்ஜில் ஆக்கிய ஜோர்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்ரைனும் ஆவர். திறப்பை வார்ப்பவருக்கும் பூட்டை வார்ப்பவருக்கும் ஒரே மேடையிற் சிறப்புச் செய்யப்பட்டது.

மெரிபீல்டின் முறை பரவியபின் நிலைமை தலைகீழாயிற்று. முன்னெல்லாம் புரதத்தைப் பிரித்தெடுத்துத்தான் விலங்குக்கு ஏற்றவேண்டும். 1980 இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில், சட்கிளிப், லேர்னர் முதலியோர், சுண்டெலிகளிற் குருதிப் புற்றுநோயை விளைக்கும் வைரசு ஒன்றின் பரம்பரையலகு வரிசையை மட்டும் படித்து, அதிலிருந்து எதிர்பார்க்கத்தக்க புரதத்தின் சிறு துணுக்கைப் பெப்தைட்டாக வார்த்து, அதற்குப் பிறபொருளெதிரி பெற்று, அதனைக் கொண்டு அதுவரை எவரும் கண்டிராத புரதத்தையே கண்டுபிடித்தனர். அதன்பின் பெப்தைட்டை ஏற்றிப் பெறும் பிறபொருளெதிரி பெருவணிகமாயிற்று. பெப்தைட்டு தனித்து வலிமையற்றதாகையால் அதனைப் பெரிய புரதமொன்றில் ஏற்றுவர். அதற்கு மிகுதியும் பயன்படுவது கலிபோர்னியக் கடற்கரையில் வாழும் நத்தையினம் ஒன்றின், செம்பு கலந்த நீலக் குருதிப் புரதம். லாண்ட்ஸ்ரைனரின் தோணி இப்பொழுது கடலிலிருந்தே வந்தது.

பெப்தைட்டால் உண்டான பிறபொருளெதிரியை அதே பெப்தைட்டாற் சோதிப்பது இயல்பாகவே தோன்றிய வழி. முறை எளிது. பிறபொருளெதிரிக் கரைசலை இரு பங்காகப் பிரிப்பர். ஒரு பங்கில் அது உண்டாவதற்குக் காரணமான பெப்தைட்டை மிகையாக இட்டுச் சிறிது நேரம் வைப்பர். மறு பங்கை வாளா விடுவர். கவனமுள்ளவர் அதில் தொடர்பில்லாத வேறொரு பெப்தைட்டை இடுவர். பின்னர் ஒரே இழையத்தினின்று வெட்டிய அடுத்தடுத்த இரு துண்டுகளில் இரண்டையும் ஊற்றிப் பார்ப்பர். முதற் பங்கிற் கறை மறைந்து, மறு பங்கிற் கறை நின்றால், பிறபொருளெதிரி தன் பற்றுமிடத்தாலேயே பற்றியது, கண்டபடி ஒட்டவில்லை என்று பொருள். இரண்டிலும் கறை நின்றால் அக்கறை பயனற்றது. ஒருநாட் பொழுதில் முடியும் வேலை, செலவும் குறைவு. கட்டுரையின் ஓரத்தில், பெப்தைட்டாற் கறை மறைந்தது, ஆகவே பிறபொருளெதிரி தற்சிறப்பானது என்று ஒரு வரி எழுதிவிட்டால் மதிப்பாளரும் வாய்மூடினர்.

அந்த ஆகவே என்னும் சொல்லிலேதான் வழு ஒளிந்திருந்தது. நேயர்கள் மீண்டும் திறப்பை நினைந்து பார்க்கலாம். ஒரு வீட்டுத் திறப்பு தவறுதலாக அயல்வீட்டுப் பூட்டையும் திறந்துவிடுகின்றது என்று கொள்வோம். அத்திறப்பிற் போலிப் பூட்டை மாட்டிவிட்டால் அது சொந்த வீட்டையும் திறக்காது, அயல்வீட்டையும் திறக்காது. இரண்டு கதவுகளும் மூடிக் கிடப்பதைக் கண்டு, இத்திறப்பு சொந்த வீட்டுக்கு மட்டுமே உரியது என்று முடிவுகட்டுவது எவ்வாறு பொருந்தும்? பெப்தைட்டுச் சோதனை, பிறபொருளெதிரி அப்பெப்தைட்டைப் பற்றும் என்பதைக் காட்டுகின்றது. அதனை ஆக்கியவர் அதற்காகவே ஆக்கியமையால், அது முன்பே தெரிந்த செய்தி. இழையத்தில் அது பற்றிய பொருள் எது என்பதைச் சோதனை சொல்வதில்லை.

அயல்வீட்டுப் பூட்டு அரியதன்று என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். புரதங்களில் 20 வகை அமினோ அமிலங்கள் உள்ளன. ஐந்து கண்ணிகள் கொண்ட வரிசைகள் 32 இலட்சம் வகையில் அமையலாம். மனிதருக்கு ஏறத்தாழ 20,000 புரதப் பரம்பரையலகுகள் உண்டு. ஒவ்வொரு புரதத்திலும் சில நூறு கண்ணிகள் உண்டு. மொத்தத்தில் அவை ஒரு கோடியளவில் வரும். எனவே ஐந்து கண்ணி வரிசையொன்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திற் காணப்படுவது வியப்புக்குரியதன்று; பிறபொருளெதிரி பற்றுவதற்கோ அத்தகைய சில கண்ணிகளே போதும். நெதர்லாந்தின் மூளை ஆய்வாளர் டிக் சுவாப் முதலியோர் 1977 இலேயே, கறையின் தற்சிறப்பை எக்காலத்தேனும் நிறுவ இயலுமா என்று கேட்டுக் கட்டுரை எழுதினர். கேள்வி அச்சேறியது, வழக்கம் மாறவில்லை.

வழக்கம் மாறாமையால் விளைந்த இடரை எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனின் கதை நன்கு காட்டும். சிறுநீரகத்திற் சுரந்து, எலும்பு மச்சையைச் செங்குருதிக் கலங்களை ஆக்குமாறு ஏவுவது இவ்வோமோன். 1985 இல் அதன் பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. செயற்கையாக ஆக்கிய ஓமோன் 1989 முதல் சிறுநீரக நோயாளருக்கும், பின்னர் மருந்துச் சிகிச்சையாற் குருதிச்சோகை அடைந்த புற்றுநோயாளருக்கும் கொடுக்கப்பட்டது. சோர்ந்து கிடந்தவர் எழுந்து நடமாடினர். 2003 இல் செருமனியின் மைக்கல் ஹெங்கே என்னும் மருத்துவரும் குழுவினரும், தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் கொண்ட 351 நோயாளரிடம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஓமோன் பெற்றோரிடத்துக் குருதி பெருகியது. ஆனால் புற்றுநோய், ஓமோன் பெறாதோரிடத்திலும் பார்க்க மோசமாகவே முன்னேறியது.

நோயாளரின் உயிரைத் தொட்ட வினா எழுந்தது. ஓமோன் தன் செய்தியைக் கலத்துக்குச் சொல்ல, அக்கலத்தின் மேற்பரப்பில் அதற்குரிய வாங்கி இருத்தல் வேண்டும். புற்றுக்கலங்களில் அவ்வாங்கி இருக்கின்றதா? இருந்தால், சோகையைத் தீர்க்கக் கொடுத்த மருந்து கட்டிக்கே உணவாகியிருக்கலாம். பல ஆய்வுகூடங்கள் கட்டிகளின் துண்டுகளை எடுத்து, சி-20 என்னும் பெயருடைய, வாங்கியின் நுனிப் பெப்தைட்டொன்றைக் கொண்டு ஆக்கிய பிறபொருளெதிரியை ஊற்றிப் பார்த்தன. கறை தோன்றிற்று, மார்பகப் புற்றிலும் வேறு பல கட்டிகளிலும் வாங்கி உண்டு என்று எழுதப்பட்டது. பிறபொருளெதிரியை முன்னரே பெப்தைட்டுடன் கலந்தாற் கறை மறைந்தது என்பதும் சில கட்டுரைகளிற் சான்றாகக் காட்டப்பட்டது.

ஒரே ஒரு சிறு நெருடல் இருந்தது. வாங்கியின் எடை 56 அல்லது 57 ஆயிரம் தாற்றன் என்று கணக்கிடப்பட்டிருக்க, தாளில் தோன்றிய கோடு 66 ஆயிரத்தில் நின்றது. இவ்வேறுபாட்டுக்குப் பலர் பலவாறு சமாதானம் கூறினர். கலிபோர்னியாவில் ஸ்ரீவ் எலியட் என்பவரும் குழுவினரும் கோட்டையே வெட்டியெடுத்து அதிலிருந்த புரதம் யாது என்று ஆராய்ந்தனர். அது வாங்கியன்று, வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 எனப்படுவதும் அதன் உறவினங்களும். கலம் துன்புறுங்கால் பெருகி, மற்றப் புரதங்களைக் காக்கும் அப்புரதம் புற்றுக்கலங்களில் மிகுதியும் உண்டு. அதன் சங்கிலியில் ஒரு சிறு பகுதி, சி-20 ஐ ஆக்கப் பயன்பட்ட பெப்தைட்டை ஒத்திருந்தது. வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் அப்பகுதியையே பெப்தைட்டாக வார்த்துச் சி-20 உடன் கலந்தபோது, 66 ஆயிரத்தில் நின்ற கோடு மறைந்தது. ஏமாற்றத்துக்குத் துணைபோன அதே சோதனை, சரியான வினாவுடன் கேட்கப்பட்டபோது, ஏமாற்றத்தைக் காட்டிக்கொடுத்தது. அக்கட்டுரை 2006 இல் வெளிவந்தது. அதை எழுதியோர் அவ்வோமோனை மருந்தாக விற்கும் நிறுவனத்திற் பணியாற்றியோர் என்பதையும் மறைத்தலாகாது. தம் மருந்துக்கு நலந்தரும் முடிவைத்தான் அவர்கள் கண்டனர் என்று ஐயுறுவோர் ஐயுறலாம். ஆயினும் வெட்டியெடுத்த கோட்டிலிருந்த புரதம் எவருக்கும் பக்கஞ்சாராதது.

அதே 2006 இல் ஹெங்கேயின் குழுவினர், சி-20 கறை கண்ட கட்டிகளை உடையோரே ஓமோனாற் கேடுற்றனர், கறை காணாதோர் கேடுறவில்லை என்று அறிவித்திருந்தனர். அக்கறை வாங்கியைக் காட்டியதா, துன்புறும் கலத்தின் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தைக் காட்டியதா? சி-20 ஐக் கொண்டு அதற்கு விடை கூற இயலாது போயிற்று. மருந்தால் நேரும் தீங்கு வேறு சோதனைகளிலும் புலப்பட்டமையால், 2007 மார்ச் மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அம்மருந்தின் உறையிற் கடும் எச்சரிக்கையைப் பொறிக்குமாறு செய்தது. தீங்கு உண்டு என்பது நோயாளரை எண்ணிக் கண்ட உண்மை, கறையாற் கண்டதன்று. அத்தீங்கு எவ்வழியால் வந்தது என்பதையே கறை குழப்பிவைத்தது.

இத்துறையில் உரத்துப் பேசியோர் மூளை ஆய்வாளரே. கிளிபட் சேப்பர், போல் சோச்சென்கோ என்னும் இருவர் 2003 இல் மாயப் பெப்தைட்டுகள், மாயப் பிறபொருளெதிரிகள் என்று பொருள்படும் தலைப்பில் எழுதினர். பெப்தைட்டால் தூய்மைப்படுத்தப்பட்ட பிறபொருளெதிரி அப்பெப்தைட்டால் மறையாதிருக்க வழியேயில்லை. ஆகவே மறைதல் எதனையும் நிறுவாது என்பது அவர்தம் வாதம். பரம்பரையலகை நீக்கிய சுண்டெலியே சிறந்த நீதிபதி என்பர் இவ்வாய்வாளர். தேடும் புரதமே இல்லாத விலங்கின் இழையத்திலும் கறை தோன்றினால் வழக்கு அங்கேயே முடிந்தது. அவ்வகைச் சுண்டெலிகளை ஆக்கும் வழியைக் கண்டோர் 2007 இல் நோபெல் பரிசு பெற்றனர். 1873 இல் தொடங்கிய செருமானிய மருந்தியல் ஏடொன்று 2009 இல் நரம்புச் செய்தி வாங்கிகள் பலவற்றுக்கான பிறபொருளெதிரிகளை இவ்வாறு சோதித்த கட்டுரைகளை ஒருங்கே வெளியிட்டது. வாங்கியுள்ள சுண்டெலியிலும் வாங்கியற்ற சுண்டெலியிலும் பல பிறபொருளெதிரிகள் ஒரே கறையைத் தந்தன.

2017 இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ஈஸ்திரசன் வாங்கி பீற்றாவுக்கான 13 பிறபொருளெதிரிகளைப் பரிசீலித்து, அவற்றுள் ஒன்றே தற்சிறப்பானது என்று கண்டனர். அவ்வொன்றைக் கொண்டு பார்த்தபோது, ஏறத்தாழ இருபதாண்டுகளாக எண்ணற்ற கட்டுரைகள் இவ்வாங்கியைக் கண்டதாகக் கூறிய மார்பக இழையத்திலும் மார்பகப் புற்றிலும் அதனைக் காணமுடியவில்லை. சூலகத்திலும் விதையிலும் அது இருந்தது.

2016 இல் ஆய்வாளர் குழுவொன்று பிறபொருளெதிரியைச் சான்றுப்படுத்த ஐந்து வழிகளை வகுத்தது. பரம்பரையலகை நீக்கிப் பார்த்தல் அவற்றுள் முதலாவது. பிறபொருளெதிரியைச் சாராத வேறு முறையால் ஒப்புநோக்கலும், ஒரே புரதத்தின் வேறு பகுதியைப் பற்றும் இரண்டாவது பிறபொருளெதிரியால் ஒப்புநோக்கலும் ஏனையவற்றுட் சில. பெப்தைட்டாற் தடுத்தல் அவ்வைந்தில் இடம்பெறவில்லை. எனினும் அதனை முற்றாக ஒதுக்குவதும் நேர்மையாகாது. பெப்தைட்டு இட்டும் மறையாத கறை பொய்க்கறை என்று கூறும் அதிகாரம் அதற்கு இன்றும் உண்டு. மறைந்த கறை மெய்க்கறை என்று கூறும் அதிகாரமே அதற்கு என்றும் இருந்ததில்லை. ஆய்வுகூடங்களிற் பணம் குறைந்தோர், பரம்பரையலகு நீக்கிய கலங்களைப் பெற வசதியற்றோர், முதற்படியாக இச்சோதனையைச் செய்வதிற் குற்றமில்லை.

கனடாவின் மொன்றியல் நகரை மையமாகக் கொண்ட குழுவொன்று 65 புரதங்களுக்கான 614 பிறபொருளெதிரிகளை, அவ்வப் புரதம் நீக்கப்பட்ட கலங்களை அருகருகே வைத்துச் சோதித்து, முடிவுகளை 2023 இல் வெளியிட்டது. பிறபொருளெதிரிகளை விற்கும் நிறுவனங்களே இப்பணிக்குத் தம் சரக்கைக் கொடுத்துதவின. தோல்வியுற்றவை நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுட் பல, வெளியான ஆய்வுக் கட்டுரைகளிற் சாட்சியாக நின்றவை. சிலவற்றை நிறுவனங்கள் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டன. வேறு சிலவற்றின் குப்பியில் ஒட்டிய பயன்பாட்டுக் குறிப்பைத் திருத்தி எழுதின.